ஒன்றேகால் வோல்ட் மௌனம்

சுத்தியல் தலைக்கு மேலே போய்விட்டது. இறங்க வேண்டியதுதான் பாக்கி.

"ரீல், கையைப் பிடி!" என்று கத்தினார் கண்ணாடி மேடம்.

ரீல் கையைப் பிடிக்கவில்லை. வேலை மேஜைக்குக் குறுக்கே பாய்ந்து, சுத்தியலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் போய் விழுந்தான். சுத்தியல் வெறும் பலகையில் இறங்கியது. திருகாணிகள் நாலா பக்கமும் தெறித்தன.

"கையைப் பிடிடான்னா பெட்டியைப் பிடிக்கிறே?"

"அவர் கைக்குத் துணைக்கு சுத்தியல் இருந்துச்சு மேடம். பெட்டி தனியா இருந்துச்சு. நான் எப்பவும் தனியா இருக்கிறவங்களைத்தான் பிடிப்பேன்."

கண்ணாடி மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்தவர். வேலைக்கு ஓய்வு கொடுத்த பிறகும் மூக்குக்கு ஓய்வு கொடுக்காமல் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். அந்த மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்தது பெயர். ரீல் அவருடைய உதவியாளன். முப்பது வயது. வாயைத் திறந்தால் சுற்றுவதால் ரீல்.

சுத்தியலோடு நின்றவர் அந்தக் கடையின் சொந்தக்காரர். ரேடியோ, மிக்ஸி, டார்ச் லைட் எல்லாம் பழுது பார்க்கும் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது. சவரம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

"நான் செஞ்ச பெட்டி. நானே உடைக்கிறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அந்தப் பெட்டியை சாட்சியா எடுத்துட்டுப் போகப் போறார். கூடவே உங்களையும்" என்றார் மேடம். "இப்போ மூணு பத்து. அம்பது நிமிஷத்துல ஜெயிலுக்குப் போகப்போற மனுஷன், தப்பிக்கிறதுக்கு வழி பார்ப்பான். நீங்க தட்டுமுட்டு சாமானை உடைச்சிட்டிருக்கீங்க."

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். கடைக்கு மேலே மாடியில் அவருடைய அண்ணன் எட்டு மாதமாகப் படுத்த படுக்கை. பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது கட்டைவிரல் மட்டும் அசையும். அடிக்கடி தொண்டையில் சளி அடைத்துக்கொள்ளும். உடனே பகல் நேர நர்ஸோ தம்பியோ ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சளியை எடுக்க வேண்டும். அதற்காகக் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் மாடிப்படியில் இருக்கும் மணி அடிக்கும். பேட்டரி போட்டுப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போனது. அதனால் தம்பியே ஒரு பவர் சப்ளை பெட்டி செய்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாலு நாளைக்கு முன்னால், நர்ஸ் வெளியே போயிருந்த நடுப்பகலில், அண்ணன் மூச்சு அடைத்துச் செத்துப்போனார். விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. மணி அடிக்கவில்லை.

போலீஸில் புகார் கொடுத்தது அண்ணனின் ஒரே மகள். அண்ணன் எழுதிவைத்தபடி கட்டடம் இப்போது தம்பிக்கு வருகிறது. அதனால் வேண்டுமென்றே மணியைக் கெடுத்துவிட்டார் என்று புகார். அதை நிரூபித்துக் கொடுங்கள் என்று இன்று காலை மேடத்தின் ஆபீஸுக்கு வந்ததும் அவள்தான்.

மேடம் பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தார். பின்பக்கம் சுவருக்குப் போகும் ஒயரும் மணிக்குப் போகும் ஒயரும். முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு கறுப்புக் குமிழ். குமிழுக்கு மேலே நகச்சாயத்தால் வெள்ளைப் புள்ளி.

"இது எப்படி வேலை செய்யுது?"

"வேலை செய்யல. கெட்டுப்போச்சு."

"கெடறதுக்கு முன்னாடி?"

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். கை தானாக உள்ளே போனது. "சுவர்ல வர்ற கரண்ட்டை அப்படியே கொடுத்தா மணி புகைஞ்சிடும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்குது. இந்த நாலு டயோடும் நேராக்குது. கண்டென்சர் நடுக்கத்தை எடுக்குது. முதுகுல தகடு கட்டியிருக்கு பாருங்க, மூணு கால் ஐ.சி., அதுதான் அளந்து விடும். எவ்வளவு அளக்கணும்னு இந்தக் கறுப்பு நாப் சொல்லும். ஒண்ணேகால் வோல்ட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும்."

"பூஜ்யத்துக்குப் போகாதா?"

"போகாது. எவ்வளவு குறைச்சாலும் ஒண்ணேகால் நிக்கும். அதுக்குக் கீழ இந்த ஐ.சி. இறங்காது."

"ஒண்ணேகால்ல மணி அடிக்குமா?"

"எங்கே அடிக்கும்? முனகக்கூட முனகாது."

"விளக்கு?"

"விளக்குக்கு நான் தனியா, முன்னாடியே எடுத்துடுவேன். அது பாட்டுக்கு எரியும். நாலு வருஷம் போட்டு ஓட்டினாலும் தகடு சூடாகாது, தொட்டுப் பாருங்க."

"கெட்டுப்போன பெட்டியைப் பத்தி என்ன பெருமையாப் பேசுறீங்க!"

மெக்கானிக் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

ரீல் அதற்குள் ஒயரைச் சுவரில் செருகி, மேஜையில் கிடந்த மீட்டரின் முனைகளை வெளி ஒயரில் பிடித்துவிட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் ஆறு காட்டியது. "பெட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கு மேடம். இருங்க, ஏத்திப் பார்க்கிறேன்." குமிழை வலப்பக்கம் திருப்பினான். மீட்டர் நாலுக்கு இறங்கியது. இன்னும் திருப்பினான். இரண்டு. கடைசிவரை திருப்பினான். ஒன்றேகால்.

"என்ன இது, என் சம்பளம் மாதிரி வருஷம் ஏற ஏற இறங்குது?"

"இடது பக்கம் திருப்பினா ஏறும்" என்றார் மெக்கானிக், அவனைப் பார்க்காமல்.

"ஊர்ல எல்லாத்துக்கும் வலது பக்கம்தானே?"

"நாப்புக்கு அடியில மூணு கால் இருக்கு. நடுக்காலோட இந்த ஓரத்தைச் சேர்க்கணும். பதிமூணு வயசுல முதல் பெட்டி செஞ்சப்போ அந்த ஓரத்தைச் சேர்த்துட்டேன். பிரிச்சுத் திரும்ப ஈயத்தால பத்த வைக்கப் போனேன். அண்ணன் விடல. 'ஊருக்கெல்லாம் வலது, என் தம்பிக்கு இடது. இருக்கட்டும்டா'ன்னார்." அவர் விரலால் குமிழைத் தொட்டார். "கடைக்கு வர்ற வேலையெல்லாம் சரியாத்தான் பண்ணுவேன். அண்ணனுக்குப் பண்றது மட்டும் இப்படி. அவருக்குப் பிடிக்கும்."

"நர்ஸம்மாவுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே சொல்லிக் கொடுத்துட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று ரீலுக்குத் தெரியும்.

"இருபது வருஷம் பொய் கேட்டவ நான். நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு சொல்ற தொழிலாளியை ஆயிரம் பேர் பார்த்திருக்கேன். நல்லா இருக்கிற தன் வேலையைக் கெட்டுப்போச்சுன்னு சொல்ற ஆள் நீங்கதான் முதல். யாரைக் காப்பாத்துறீங்க?"

மெக்கானிக் சுத்தியலைப் பார்த்தார். ரீல் அதை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"பெட்டியை எடுங்க. இருந்த இடத்துலயே திரும்ப மாட்டுவோம்" என்றார் மேடம்.

மாடி அறையில் கட்டில், ஒரு நாற்காலி, மருந்து வைத்த மர அலமாரி, சன்னல். மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள். மெக்கானிக் கட்டிலை நேராகப் பார்க்காமலே ஒயர்களை மாட்டினார். குமிழை வெள்ளைப் புள்ளிக்கு நேராக வைத்தார். பொத்தான் ஒயரின் முனையில் தொங்கியது.

"மணி எங்கே?"

"படி இறங்குற முடிவுல, கடைப் பக்கம் பார்த்து. நர்ஸம்மா இல்லாதப்போ எனக்குக் கேக்கணுமில்ல?"

ரீலைக் கீழே கடைக்கு அனுப்பிவிட்டு மேடம் பொத்தானை அழுத்தினார். தூரத்தில் எங்கோ ஒரு மெல்லிய ரீங்காரம்.

"கேக்குதா ரீல்?"

"கேக்குதாவா?" கீழேயிருந்து குரல் வந்தது. "லாரிக்காரன் காதுக்குள்ள வந்து ஹாரன் அடிக்கிற மாதிரி இருக்கு! எதிர்த்த கடைக்காரர் என்னைத் திட்டுறார்!"

மேடம் பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அதே ரீங்காரம்தான்.

"நோட்டைப் பாரு. காலையில அந்தப் பொண்ணு மணியைப் பத்தி என்ன சொல்லுச்சு?"

பக்கங்கள் புரண்டன. பிறகு ரீல் படித்தான்: "'கொசு முனகுற மாதிரி ஒரு மணியை வெச்சே எங்கப்பாவைக் கொன்னுட்டார்.'"

"கடைசியா இந்த வீட்டுக்கு எப்போ வந்ததாச் சொன்னா?"

"சாவுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் முன்ன. அவங்க அம்மா செத்தப்போ அப்பா வரலைன்னு இங்கே வாசல்ல நின்னு கத்திட்டுப் போனது. 'இனிமே உங்க சாவுக்குத்தான் வருவேன்'னு."

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது மகளுக்கு நாலு வயது. அம்மாவோடு போனவள். இந்த வீட்டில் அவள் ஒருநாள்கூட இருந்ததில்லை.

"மணி மாட்டி எட்டு மாசம்தான் ஆச்சு" என்றார் மேடம். "கடையில லாரி ஹாரன். படியில அதைவிட மோசமா இருக்கும். அது கொசுவாக் கேக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான்." நாற்காலியைத் தட்டினார். "இது."

கீழேயிருந்து ரீல் கத்தினான். "அப்போ பொண்ணே…? மணிச் சத்தத்தை அமுக்கி வெச்சிட்டு, சித்தப்பா மேல புகார் கொடுத்து… அடேயப்பா! மேடம், நமக்கு அட்வான்ஸ் கொடுத்ததும் அந்தக் கைதான்!"

"இல்ல!" மெக்கானிக் கத்தினார். "பாப்பா வரவே இல்ல. யாரும் வரல."

"நீங்க கீழே கடையிலதான் இருந்தீங்க. அன்னைக்கு மணியே அடிக்கலைன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"ஆமா."

"ஒரு தடவைகூட அடிக்கல?"

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். நாலு நாளாகச் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தார்.

"ஒரு தடவை அடிச்சுது. பதினொன்னரைக்கு. நீளமா, விடாம."

"நீளமா அடிச்சா என்ன அர்த்தம்?"

"தண்ணிக்கு ஒண்ணு. திரும்பிப் படுக்க ரெண்டு. மூச்சு முட்டினா விட்டு விட்டு அடிப்பார். நீளமா அடிச்சா…" அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "ரேடியோவுல மேட்ச் கேப்பார். ஜெயிச்சா அப்படி அடிப்பார். தம்பி, மேல வாடா, வந்து பாருடான்னு அர்த்தம்."

"நீங்க போனீங்களா?"

"போகல."

"எட்டு மாசமா மணி அடிச்சா ஓடின ஆள், அன்னைக்கு மட்டும் ஏன் போகல?"

"நடுவுல போய் நிக்க வேண்டாம்னு…"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பல்லைக் கடித்தார்.

"நடுவுலயா?" மேடம் மெதுவாகக் கேட்டார். "படுத்திருந்தது ஒரு ஆள். யாருக்கும் யாருக்கும் நடுவுல?"

மேடம் விடவில்லை. "பன்னெண்டு மணிக்கு மேல போனீங்க. அண்ணன் போயிட்டார். நாப் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வலது கடைசியில." இப்போது அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. "நான்தான் திருப்பிப் புள்ளியில வெச்சேன். நான் பத்த வெச்ச கால். என் தப்பு. என்னையே கூட்டிட்டுப் போகட்டும். நீங்க இதுக்கு மேல தோண்டாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒரு கொலைகாரிக்காக நீங்க ஏன்…"

"கொலைகாரின்னு சொல்லாதீங்க!"

அவர் இரண்டாவது தடவையாகக் கத்தியபோது கீழே ஜீப் வந்து நின்றது. நாலு மணிக்கு வரவேண்டியது, இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் மகள். முப்பது வயதிருக்கும். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். அறைக்குள் வந்ததும் கட்டிலைப் பார்த்து, உடனே சன்னலுக்குப் பார்வையை மாற்றிக்கொண்டாள். சற்றுமுன் மெக்கானிக் செய்த அதே காரியம்.

"பெட்டி எது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் மேடம். அவளிடம் திரும்பினார். "நீங்க எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. உங்கப்பா செத்த அன்னைக்கு நீங்க இங்கே வந்திருக்கீங்க. இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க."

அவள் முகம் வெளிறியது. சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"பாப்பா, நீ வரல. வரலைன்னு சொல்லு" என்றார் அவர்.

"எதுக்கு சித்தப்பா எனக்கு வக்காலத்து வாங்குறீங்க?" அவள் சீறினாள். "ஆமா, வந்தேன். சாவுக்குத்தான் வருவேன்னு கத்திட்டுப் போனவ. வெட்கம். அதான் யார்கிட்டயும் சொல்லல. நர்ஸ் வெளியே போறதைப் பார்த்துட்டு ஏறி வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் என்ன பண்ணார் தெரியுமா? பெல்லை அழுத்தினார். விடாம அழுத்தினார். ஆளைக் கூப்பிட்டு என்னை வெளியே தள்ள!"

மெக்கானிக் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்புறம்?" என்றார் மேடம்.

"கொஞ்ச நேரத்துல கண்ணை மூடிட்டார். தூங்கிட்டாரோ, என்னைப் பார்க்கப் பிடிக்கலையோ. கிளம்பிட்டேன்."

"கிளம்பறதுக்கு முன்னாடி இந்த நாப்பைத் தொட்டீங்க."

"தொட்டேன்."

"ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? இவர் மேல நான் புகார் கொடுத்ததே அதனாலதான்!" அவள் கைப்பையைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "நான் பண்ணதை அப்படியே பண்ணிக் காட்டட்டுமா? கோர்ட்டுல வேணாலும் காட்டுறேன்."

"காட்டுங்க" என்றார் மேடம்.

இருபது வருடத்தில் அவர் அவசரப்பட்டு ஒரு சொல் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் இடது கையில் பொத்தானை எடுத்து அழுத்தினாள். கொசு முனகியது. வலது கை குமிழுக்குப் போனது.

மெக்கானிக் பாய்ந்தார். அவளை நோக்கி அல்ல, சுவரில் இருந்த பிளக்கை நோக்கி. இன்ஸ்பெக்டர் நாலு நாளாக இதற்காகவே காத்திருந்தவர் போல அவருடைய இரண்டு கையையும் பின்னால் மடக்கிப் பிடித்தார். "சாட்சியைக் கலைக்கிறியா? பார்த்தீங்களா மேடம், கையும் களவுமா!"

"விடுங்க சார்… பாப்பா, வேண்டாண்டா… மேடம், நிறுத்தச் சொல்லுங்க!"

அந்தக் குரல்தான் மேடத்தை உலுக்கியது. இந்த வீட்டில் ஒருநாளும் வாழாதவள். மணிச் சத்தத்தை அமுக்க நினைத்திருந்தால் ஊரில் எல்லாரையும் போல இடப்பக்கம்தானே திருப்பியிருப்பாள்? மணி தெருவையே கூட்டியிருக்குமே. வலது கடைசிக்கு அவள் கை ஏன் போனது? எதற்காகப் போயிருக்க முடியும்?

"அம்மா, விட்டுடுங்க. வேண்டாம்…" என்றார் மேடம்.

அவள் காதில் எதுவும் விழவில்லை.

"இந்தக் கொசு சத்தத்துல யார் வருவா? நிஜமாவே மூச்சு முட்டினா யாருக்குக் கேக்கும்? என்னைத் துரத்தத்தான் அடிச்சார். இருக்கட்டும். அவர் கூப்பிடுறவங்களாவது வரட்டும்னு, போறப்போ நான் என் கையாலேயே இதைக் கடைசிவரைக்கும் ஏத்தி வெச்சுட்டுப் போனேன். விளக்குகூட எரிஞ்சிட்டிருந்துச்சு. அப்படியும் மணி அடிக்கலைன்னா, இவர் செஞ்ச பெட்டியிலதானே கோளாறு?"

குமிழை வலப்பக்கம் திருப்பினாள். நிதானமாக, கடைசிவரை. அதற்கு மேலும் இடமிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இன்ஸ்பெக்டரின் பிடிக்குள் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பொத்தானை விடாமல் படிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"கீழே யாரு? இப்போ நல்லா கேக்குதா?"

கடையில் ரீல் மணிக்கு அடியில்தான் நின்றிருந்தான். எப்போதும் எதற்கும் அவனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். இந்தத் தடவை முதலில் மணியைத் தொட்டுப் பார்த்தான்.

"இல்லைங்க" என்றான். "நீங்க திருப்பத் திருப்பக் குறைஞ்சு, நின்னுடுச்சு."